வாடகை கேட்காத புரோகிராம்

கத்தரிக்கோலுக்கு யாரும் மாதா மாதம் வாடகை கட்டுவதில்லை. வாங்கினால் அது நம்முடையது. மழுங்கினால் சாணை பிடிப்போம். ஆனால் என் கடைக் கம்ப்யூட்டரில் படம் திருத்துகிற புரோகிராமுக்கு வருஷக்கணக்காக வாடகை போய்க்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. மருமகள் சுதர்சினியின் பேங்க் கார்டிலிருந்து சத்தமில்லாமல் டாலரில் உருவியிருக்கிறார்கள்.

மஹய்யாவையில் பிரேம் அடிக்கிற கடை என்றால் அழகையா கடையைத்தான் காட்டுவார்கள். அழகையா நான்தான். சட்டம் அறுப்பதும் கண்ணாடி வெட்டுவதும் என் வேலை. கம்ப்யூட்டர் சுதர்சினியின் பொறுப்பு. சாமிப் படம், கல்யாணப் படம், பட்டம் வாங்கின பிள்ளைகள் படம் எல்லாம் போடுவோம். எல்லாவற்றையும் விட அதிகமாக வருவது செத்தவர்கள் படம்.

பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து சனங்கள் பஸ் ஏறி வருவார்கள். கையில் ஒரு அடையாள அட்டை இருக்கும். இல்லாவிட்டால் யாருடைய கல்யாணத்திலோ எடுத்த கூட்டப் படம். "இந்தா ஓரமா நிக்கிறாரே, இவருதான்" என்று விரலை வைப்பார்கள். சுதர்சினி அதை ஸ்கேன் பண்ணி, முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் நீல வானம் வைத்து, கழுத்துக்குக் கீழே கோட்டும் டையும் போட்டுவிடுவாள். கோட்டில்லாமல் யாரும் எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள். உயிரோடு இருந்தபோது உரமூட்டை சுமந்தவர் சுவரில் தொங்கும்போது தோட்டத்துத் துரை மாதிரி இருக்க வேண்டும். அது வழக்கம். நான் அதில் வாய் வைப்பதில்லை.

ஒரு காலையில் புரோகிராம் படுத்துவிட்டது. படங்களைக் காட்டுகிறது, தொட விடவில்லை.

"என்னா ஆச்சு?" என்று கேட்டேன்.

"கார்டு முடிஞ்சிருச்சு மாமா. புதுக் கார்டுல சல்லி போகமாட்டேங்குது. கட்டினாத்தான் தொறக்குமாம்."

"எத்தன தடவ கட்டுறது? ஒருக்கா வாங்கினதுதானே?"

"இல்ல மாமா, இது மாசம் மாசம் கட்டுறது." அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அப்ப இதுக்குள்ள கெடக்குற படமெல்லாம் யாருது? நம்மளுதா, அவனுதா?"

"நம்மளுதுதான். ஆனா யாரு பேரு, எந்தத் தோட்டம்னு நான் அடுக்கி வச்சதெல்லாம் அதுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு."

அலுமாரி என்னுடையது, சாவி எவனிடமோ. வந்த கோபத்தில் அறுத்துக்கொண்டிருந்த சட்டத்தைக் கோணலாக அறுத்துவிட்டேன். அந்த நஷ்டத்தையும் மனதில் அவன் கணக்கில்தான் எழுதினேன்.

"கட்ட வேணாம். வேற பாரு. வாடகை கேக்காததாப் பாரு."

"பாக்கலாம் மாமா. நளீரக் கூப்பிடுவோம்."

நளீர் திகனயில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். அவனுடைய வாப்பா முன்னே எனக்குக் கண்ணாடி விற்றவர். அதற்காக அவனை நம்பினேன் என்று அர்த்தமில்லை. வாப்பா கொடுத்த கண்ணாடியையும் நான் அளந்துதான் வாங்கினேன்.

பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வந்தான். கம்ப்யூட்டரைப் பார்த்தான், ஒரு தேத்தண்ணி குடித்தான், விரலை நீட்டினான்.

"மூணு வழி ஈக்கு ஐயா. ஒண்டு, களவா ஒடச்ச புரோகிராம். அத நான் போட மாட்டேன். வைரஸ் வந்தாப் பொறகு என்னத்தான் ஏசுவீங்க. ரெண்டாவது, ஒருக்காச் சல்லி கட்டினா ஒங்களுக்கே சொந்தமாகிற மாதிரி ஒண்டு. மூணாவது சும்மா கெடைக்கிது."

"சும்மாவா? எவன் குடுக்குறான்?"

"பல நாட்டு ஆக்கள் சேந்து செஞ்சு வெச்சீக்காங்க."

"எதுக்கு?"

"அவங்களுக்கும் வாடகை புடிக்கல்ல போல."

சுதர்சினி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "எங்க தெருவுல வந்து சும்மா குடை குடுத்தவன் அடுத்த மாசம் வோட்டுக் கேட்டு வந்தான். சும்மா குடுக்குறவன் கை நீட்டாமப் போகமாட்டான்."

"அப்ப ரெண்டையும் போடுறேன். நீங்களே சோதிச்சுப் பாருங்க. எனக்கென்ன."

இரண்டையும் போட்டான். ஒருதடவை கட்டி வாங்குவது ஒரு மாதத்துக்கு இலவசமாகப் பார்க்கக் கிடைத்தது. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் வாடகைக்காரனை எனக்குத் தெரியும். நான் பிறந்ததிலிருந்து வாடகை வீட்டில் இருப்பவன்.

"மொதல்ல இன்டர்நெட் வயரக் கழட்டு" என்றேன்.

நளீர் கழற்றினான். காசு கட்டி வாங்குகிற புரோகிராம் திறக்கும்போதே, நீங்கள் யார், பதிந்திருக்கிறீர்களா என்று பார்க்க இணைப்புக் கேட்டது. ஒருதடவை பதிந்துவிட்டால் பிறகு கேட்காது என்று நளீர் சொன்னான். இருக்கலாம். வாசலிலேயே பெயர் கேட்டவனை எனக்குப் பிடிக்கவில்லை. சும்மா கிடைத்தது ஒன்றும் கேட்காமல் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தது.

"இப்பத் தேதியை அடுத்த சித்திரைக்குத் தள்ளு."

"என்னத்துக்கு ஐயா?"

"மாசம் முடிஞ்சதும் கதவத் தட்டுவானா இல்லையான்னு பாக்கணும்."

கம்ப்யூட்டரின் தேதியை அடுத்த சித்திரைக்குத் தள்ளினான். பிறகு அதற்கடுத்த சித்திரைக்கு. சும்மா கிடைத்ததில் யாரும் கதவைத் தட்டவில்லை.

"சரி. இப்ப இந்தச் சும்மாப் புரோகிராமத் தூக்கி வீசு."

"இப்பத்தானே போட்டேன்."

"வீசு. அது போனதும் என் படம் இருக்கான்னு பாப்போம்."

நளீர் வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டு அதை எடுத்தான். சுதர்சினி போல்டரைத் திறந்து பார்த்தாள். ஒரு படமும் குறையவில்லை. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. மறுபடியும் போட்டுக் கொடுத்தான். இனி எழுதுகிற பெயரெல்லாம் அந்தந்தப் படத்தோடேயே ஒட்டியிருக்கும்படி ஓரிடத்தில் டிக் போட்டான்.

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனாலும் இவ்வளவு கேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஹெல்மட்டை மாட்டினான்.

அப்படித்தான் அது எங்கள் கடைக்கு வந்தது. பழைய பெயர்கள் பழைய புரோகிராமுக்குள்ளேயே பூட்டிக்கிடந்தன. ஒழியட்டும் என்று விட்டோம். புதியது படங்களை வருஷவாரியாக, மாதவாரியாகத் தானே அடுக்கிக்கொண்டது. சுதர்சினிக்கு இரண்டு நாளில் கை பழகிவிட்டது.

அடுத்த கிழமை, கம்ப்யூட்டரில் இடமில்லை என்றாள். நான் சட்டத்தின் மூலை ஒட்டிக்கொண்டிருந்தேன், பசை காய்வதற்குள் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"மாமா, இதுல ஒரே மாதிரிப் படத்தக் கண்டுபுடிக்கிற பட்டன் ஒண்ணு இருக்கு. அமத்திப் பாத்தேன். ஒரே படம் இருநூறு முந்நூறு தடவ இருக்குதுங்குது."

"பழைய வாடகைக்காரன் வேலதான் அது. எடத்த நெரப்பினாத்தானே இன்னும் புடுங்கலாம். தூக்கு எல்லாத்தையும்."

"ஒண்ண வச்சுட்டுத் தூக்கவா?"

"ஒண்ண வச்சுட்டுத் தூக்கு. குப்பையையும் கொட்டிரு."

அவள் தூக்கினாள், குப்பையையும் கொட்டினாள். கம்ப்யூட்டரில் பாதி இடம் காலியாகிவிட்டது. அன்றைக்கு மத்தியானம் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். பன்விலயிலிருந்து வந்த களைப்பு இரண்டு பேர் முகத்திலும் தெரிந்தது. கதிரையைக் காட்டினேன். தாய் உட்காரவில்லை.

"ஐயா, ஒம்பது வருசத்துக்கு முன்ன எங்க வீட்டுக்காரர் படம் இங்கதான் போட்டது. போன மழையில மண்ணு சரிஞ்சு வீடு போயிருச்சுங்க. படமும் உள்ள போயிருச்சு. வேற படம் கெடையாது. அடையாள அட்டையும் அதோட போயிருச்சு."

"பேரு என்னாம்மா?"

"எம்பேரு இராஜகுமாரி."

"ஒங்க பேரு இல்ல. அவரு பேரு."

இராஜகுமாரி மகளைப் பார்த்தார். புருஷன் பெயரை வாயால் சொல்லாதவர். மகள், கிருஷாந்தி, "கணபதி" என்றாள்.

"வெள்ளிக்கெழம இவளுக்குக் கல்யாணம்" என்றார் இராஜகுமாரி. "கோயிலுக்கு எறங்க முன்னாடி அப்பா படத்துக்கு மால போட்டு, விழுந்து கும்புட்டுட்டுத்தானே வாசல் தாண்டணும். இப்ப எதக் கும்புடுறது? வெறுஞ் செவத்தையாங்க? ஒங்ககிட்ட இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. அந்த நம்பிக்கையிலதான் தேதியே குறிச்சது."

"இருக்கும்" என்றேன். நான் எல்லோருக்கும் சொல்வது அதைத்தான். பிரேம் கறையான் அரிக்கும், கண்ணாடி உடையும், படம் எங்களிடம் இருக்கும். அதைக் கேட்டுத்தான் சனங்கள் பஸ் ஏறி வருகிறார்கள்.

சுதர்சினி முடித்த படங்கள் இருக்கிற போல்டரைத் திறந்தாள். கோட்டுப் போட்ட ஆண்கள் எல்லாம் அதில்தான் இருப்பார்கள். திறந்தவள் கையை எடுக்கவில்லை.

"என்னா?"

"மாமா, ஒரு ஆளுதான் இருக்காரு."

எழும்பிப் போய்ப் பார்த்தேன். நீல வானத்துக்கு முன்னால் கோட்டோடு ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெண்கள் படங்கள் கொஞ்சம் இருந்தன. ஆண்களில் அவர் மட்டும்தான்.

"இவரா பாருங்கம்மா."

இராஜகுமாரி குனிந்து பார்த்தார். "இல்லீங்க. இவரு மேல் டிவிசன் கங்காணி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுதர்சினிக்கு எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும், அவள் உதடு வெளிறியிருந்தது. எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது ஒரே ஒரு கோட்டு. கடையில் கம்ப்யூட்டர் வைத்த நாளிலிருந்து செத்த எல்லோருக்கும் அதையே மாட்டிவந்தோம். வானமும் ஒன்றுதான், டையும் ஒன்றுதான். முகம் மட்டும்தான் வேறு, அது படத்தில் ஒரு நெல்லிக்காய் அளவு. அந்தப் பட்டனின் கண்ணுக்கு எல்லோரும் ஒரே ஆள். ஒருவரை வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் குப்பையில் கொட்டியிருக்கிறோம். உயிரோடு இருந்தபோது ஆட்களை விரட்டின கங்காணி இதிலும் தனியாகத் தப்பிவிட்டார்.

"தூக்குன்னு சொன்னது நான்தான்" என்று சுதர்சினியிடம் சொன்னேன்.

இராஜகுமாரி சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சத்தம் போடவில்லை.

"அப்ப இல்லீங்களா" என்றார்.

கிருஷாந்தி அவருடைய முழங்கையைப் பிடித்தாள். "வாம்மா, பஸ்ஸு போயிரும்."

"இருங்க" என்றேன். "ஒக்காருங்க ரெண்டு பேரும். சுதர்சினி, அந்தத் திகனக்காரனுக்குப் போன் போடு."

நளீர் போனை எடுத்ததும் நான் பிடுங்கிக்கொண்டேன். "ஒன் சும்மாப் புரோகிராம் செத்தவங்களத் தின்னுருச்சு" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. சுதர்சினி வாங்கி விஷயத்தைச் சொன்னாள். பிறகு அவன் பேசுவது எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

"தின்னல்ல ஐயா, நீங்க ஊட்டி வுட்டீக்கிறீங்க. சரி, அத வுடுங்க. சுதர்சினி தங்கச்சி, சனங்க கொண்டு வந்த படத்த ஸ்கேன் பண்ணினது வேறயா ஈக்கா?"

"வந்ததுன்னு ஒரு போல்டர் இருக்கு. அத நான் தொறக்கிறதே இல்ல."

"அதுல கைய வெச்சீங்களா?"

"தெரியல்ல. பட்டன் எல்லாத்துலயும் தேடியிருக்கும்தானே."

"தேடியீக்கும். தொறந்து பாருங்க. எத வெட்டினாலும் ஒட்டினாலும் இந்தப் புரோகிராம் வந்த படத்தத் தொடாது, திருத்தினது வேறதான். ஒங்கட கையால அழிச்சீந்தாத்தான் போயீக்கும்."

அவளுடைய விரல் அசையவில்லை. எனக்கும் அவசரமில்லை. அந்தப் போல்டரைத் திறக்காத வரை அதில் எல்லோரும் இருக்கிறார்கள். திறந்த பிறகு இல்லையென்றால் இந்த அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

"தொற" என்றேன்.

திறந்தாள். திரை நிறைந்தது. உருட்ட உருட்ட வந்துகொண்டேயிருந்தது. இடுப்பில் சாரம் கட்டி நிற்கிறவர்கள், பல்லில்லாமல் சிரிக்கிறவர்கள், அடையாள அட்டையில் முறைக்கிறவர்கள், தலைக்கு மேல் கூடையோடு ஒருவர், காமன் கூத்து வேஷத்தோடு ஒருவர். ஒருவர் மாதிரி இன்னொருவர் இல்லை. இவர்களில் ஒருவரும் கோட்டுப் போட்டிருக்கவில்லை, அதனால் அந்தப் பட்டனுக்கு இங்கே வேலையே இருக்கவில்லை.

நான் கதிரையில் உட்கார்ந்தேன். போனில் நளீர், "ஈக்கா? ஈக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"இருக்கு. போன வை" என்றேன்.

ஆனால் கணபதி இன்னும் கிடைக்கவில்லை. பெயர்கள் பழைய பூட்டுக்குள் இருந்ததால் மாதத்தை வைத்துத்தான் தேட வேண்டும்.

"எந்த மாசம்னு சொல்ல முடியுமா தங்கச்சி?" என்று சுதர்சினி மகளிடம் கேட்டாள்.

"சின்னவன் தவழுற நேரம்" என்றார் இராஜகுமாரி.

"நான் ஒன்பதாம் வகுப்பு" என்றாள் கிருஷாந்தி. "ஸ்கூல் லீவு விட்டிருந்திச்சு. மார்கழி."

சுதர்சினி அந்த வருஷத்தின் மார்கழியைத் தொட்டாள். அந்த மாதத்தில் வந்தவர்கள் மட்டும் நின்றார்கள். ஒவ்வொருவராகப் பெரிதாக்கினாள். இராஜகுமாரி ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினார். நடுவில் ஒருவரைப் பார்த்து, "ஐயோ, இவரு எங்க பக்கத்து லயத்து வீட்டுக்காரரு" என்றார். அவரும் கணபதி இல்லை.

அடுத்து ஒரு கல்யாணக் கூட்டப் படம் வந்தது. கிருஷாந்தி சுதர்சினியின் தோளைத் தொட்டாள்.

"அப்பா" என்றாள், யாரிடமோ அறிமுகப்படுத்துவது மாதிரி.

படத்தின் ஓரத்தில் ஒரு ஒல்லி ஆள். மேல் பட்டன் போடாத வெள்ளைச் சேர்ட். யாரோ சொன்ன பகிடிக்குச் சிரித்து முடிக்கவில்லை, வாய் இன்னும் திறந்திருந்தது. அவருடைய சட்டைக் கையைப் பிடித்தபடி பக்கத்தில் ஒரு பெண். பச்சைச் சேலை, தலை நிறையப் பூ. பார்த்ததும் யாரென்று எனக்கே தெரிந்தது.

"இதுலதான் வெட்டினீங்களா?" என்று இராஜகுமாரி கேட்டார்.

"இதத்தானே கொண்டு வந்தீங்க" என்றேன்.

"எங்க கொழுந்தனாருதான் கொண்டு வந்தாரு. நான் அப்பச் சாவுத் தீட்டுல உள்ள இருந்தேன். இந்தப் படத்த நான் பாத்ததே இல்லீங்க. கோட்டோட வந்ததுதான் பாத்தேன்." அவர் திரைக்குக் கிட்டப் போனார். "கோட்டோட பாக்கிறப்ப எல்லாம் யாரோ மாதிரி இருக்கும். வெளிய சொன்னதில்ல."

சுதர்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா, ஒரு மணித்தியாலத்துல கோட்டுப் போட்டுத் தாறேன். அதே மாதிரி."

"கோட்டு வேணாம்மா" என்றார் இராஜகுமாரி. "இப்படியே இருக்கட்டும். ஆளு தெரியுதே."

என் கடையில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"அப்ப ரெண்டு பேரையும் சேத்தே போடவா?" என்று சுதர்சினி கேட்டாள்.

"சேத்துப் போட்டா எப்படிம்மா மால போடுறது? நான் உசுரோட இருக்கேனே." சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மகளும் சிரித்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் பல்லைப் பார்த்தேன்.

"ரெண்டு படமாப் போடுவோம்" என்றேன். "அவரத் தனியா வெட்டி ஒண்ணு, மாலைக்கு. ரெண்டு பேரும் நிக்கிறது ஒண்ணு, மால போடாம வேற செவத்துல மாட்டுங்க. எத்தன தடவ வெட்டினாலும் வந்த படம் அப்படியே இருக்குமாம்."

சுதர்சினி வெட்டிக் காட்டினாள். கணபதி தனியாக வந்தார். ஆனால் சட்டைக் கையில் ஐந்து விரல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒங்க கை வருது. அழிச்சிரவா?"

இராஜகுமாரி என்னைப் பார்த்தார். "கை இருந்தா ஏதும் தோஷமாங்க ஐயா?"

எனக்கு சாஸ்திரம் தெரியாது. ஆனால் பிரேம் கடைக்காரனிடம் கேட்டால் பிரேம் கடைக்காரன்தான் சொல்ல வேண்டும்.

"கைக்கு மால போட்டா ஒண்ணும் ஆகாது. விடு சுதர்சினி."

படத்தைப் பிரின்ட் எடுத்ததும் நானே சட்டம் அறுத்தேன். இந்தத் தடவை கோணவில்லை. கண்ணாடியைத் துடைத்து, பின்பலகையை ஆணி அடித்து, இரண்டையும் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. மேலே ஒரு பொலித்தீன் பையும் கட்டிவிட்டேன்.

"வெள்ளிக்கெழம வந்துருங்க ஐயா" என்றார் இராஜகுமாரி. "மருமகளையும் கூட்டிட்டு வாங்க."

"பாப்போம்" என்றேன். போவதென்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அவர்கள் போனபிறகு சுதர்சினி கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். "மத்தவங்களும் கேட்டு வந்தா மறுபடியும் செஞ்சு குடுத்துரலாம் மாமா. எல்லாரும் இருக்காங்க. ஆனா இனிமே கோட்டு ஒரு பத்தாவது வேணும், வேற வேற கலர்ல."

"கேட்டாப் போடு. கேக்காட்டி விட்டுரு" என்றேன். "நாளைக்கு நளீர வரச் சொல்லு. வந்ததுங்கிற போல்டர அப்படியே இன்னொரு பெட்டியில போட்டு எங்கிட்டத் தரச் சொல்லு. நான் வீட்டு அலுமாரியில வச்சுப் பூட்டுறேன்."

"இன்னும் நம்பிக்க வரலியா மாமா?"

"புரோகிராம் மேல ஒரு குத்தமும் இல்ல" என்றேன். "அந்தப் பட்டன் மேலதான். நம்ம ரெண்டு பேரு மேலயும்."

அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். ஓட்டில் மழை விழத் தொடங்கியிருந்தது. அந்நேரம் தாயும் மகளும் ஏறின பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டியிருக்கும்.